இரண்டாம் எண் தகடு

மே முடியப்போகிறது.
ஈரி ஏரிக்காற்றில் இன்னும் உறைபனியின் வாடை.
எங்கள் ஊர்க் குழுவுக்கு நாரைகள் என்று பெயர்.
இடப்பக்க வேலிக்குப் பின்னால்
ஸ்கோர் பலகையின் முதுகில் நான் உட்கார்ந்திருக்கிறேன்,
ஓர் ஏணி, ஒரு ரேடியோ,
தகரத்தில் வெட்டிய எண்கள்.

ஓட்டம் விழுந்தால் எண் மாட்ட வேண்டும்.
விழாவிட்டாலும் மாட்ட வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த அன்று இதை யாரும் சொல்லவில்லை.

பூஜ்யங்களின் ஓரத்தில் வெள்ளை உதிர்ந்துவிட்டது,
என் கட்டைவிரல் பட்டுப் பட்டு.
ஏழும் எட்டும் மட்டும்
வாங்கிய அன்றைய பளபளப்பில்
சுவரில் சாய்ந்து தூங்குகின்றன.

பதினோரு ஆட்டம், பதினான்கு ஓட்டம்.
செவ்வாய்க்கிழமை மூன்று பேஸிலும் ஆள்,
ஒருவரும் அவுட் இல்லை.
முதலாமவன் வானத்துக்கு அடித்தான்.
அடுத்தவன் மட்டையைத் தோளில் வைத்தபடி
மூன்றாவது ஸ்ட்ரைக்கை மரியாதையாக வழியனுப்பினான்.
கடைசி ஆள் பிட்சரின் கைக்கே திருப்பிக் கொடுத்தான்.
இலை போட்டு உட்காரவைத்த விருந்தாளிகள்
சோறு வராமல் எழுந்து போவதைப்போல்
மூன்று பேரும் பேஸை விட்டு நடந்தார்கள்.
நான் பூஜ்யத்தை எடுத்தேன்.
அது என் கையை அடையாளம் கண்டுகொண்டது.

மட்டைப் பயிற்சியாளர் மெரில் ஸ்டாடர்ட்
சூரியகாந்தி விதையைத் துப்பித் துப்பிச் சொல்கிறார்:
நன்றாகத்தான் அடிக்கிறோம்,
ஆள் நிற்கிற இடமாகப் பார்த்துப் பந்து போகிறது.
இதையே சென்ற வாரமும் சொன்னார்,
விதை மட்டும் வேறு பொட்டலம்.

உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்கும் பெவ் ஹ்ராடெக்கிடம்
ஆறுதலுக்கு வேறு கணக்கு உண்டு.
ஜூலையில் காற்று சூடாகும்,
இப்போது வேலிக்கு முன்னால் சாகிற பந்தெல்லாம்
அப்போது தாண்டிவிடும்.
பத்தாம் தேதி கோவாச்சின் மணிக்கட்டுக் கட்டுப் பிரிக்கிறார்கள்.
கீழ் லீக்கிலிருந்து ஒரு பையன் வருகிறான்.
"பஸ்ஸில் ஏறிவிட்டானாம்" என்றாள்,
பிரசவ வலி கண்டுவிட்டது என்பதைப்போல.

பையன் வந்தான். யூரி என்கார்னாசியோன்.
பத்தொன்பது வயது, டொமினிக்கன்,
இரவல் ஹெல்மெட் நெற்றியில் வழுக்கி இறங்கியது.
மூன்று முறை வந்தான், மூன்று முறையும்
காற்றை மட்டும் சுத்தமாக வெட்டிவிட்டுப் போனான்.
கூட்டம் திட்டவில்லை.
திட்டுவதற்கும் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும்.

எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட்.
முதல் பேஸில் ஒருவன்,
பந்து விலாவில் பட்டதால் கிடைத்த இடம்.
யூரி கோட்டுக்கு வெளியே அடித்தான்.
மறுபடி வெளியே. மறுபடி.
ஒன்பது பந்துகளை இப்படித் தள்ளித் தள்ளி,
கடன்காரனை வாசலிலேயே பேச்சுக்கொடுத்து நிறுத்துகிறவன் மாதிரி,
கடைசியில் நான்காவது பால் வாங்கி
நடந்தே முதல் பேஸுக்குப் போனான்.

அடுத்தது கேட்சர் பஸ்காஸ்,
நூறு முறைக்குப் பதினேழு முறை அடிக்கிறவர்.
மட்டை இரண்டாகப் பிளந்தது.
பந்து உருப்படியாக எழும்பக்கூட இல்லை,
நீ பிடி, நான் பிடி என்று
இருவர் பார்த்துக்கொண்டிருந்த நடுவில் விழுந்து
மூலைக்கு உருண்டது.
ஒருவன் வந்துவிட்டான்.
யூரி மூன்றாவது பேஸைச் சுற்றும்போது ஹெல்மெட் பறந்தது,
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு! இரண்டு எங்கே?
பெட்டியில் இல்லை, ஏணிக்கடியில் இல்லை.
ரேடியோவில் கத்துகிறார்கள்,
பலகையில் வெறும் ஓட்டை.
பிறகு நினைவு வந்தது:
ஏப்ரல் குளிருக்கு, உடைந்த ஜன்னலில்
அதைத்தான் ஆணியடித்து வைத்திருந்தேன்.
பிடுங்கினேன். ஏரி முழுவதும் உள்ளே வந்தது போலிருந்தது,
காகிதங்கள் பறந்தன, காபி கவிழ்ந்தது.

ஆறுக்கு இரண்டு, தோற்றோம்.

மறுநாள் ஜன்னலில்
என் பழைய ஸ்வெட்டரைத் திணித்தேன்.
இரண்டு இப்போது ஏணிப் பக்கம், கைக்கெட்டுகிற இடத்தில்.
மூன்றையும் துடைத்து வைத்தேன்.
ஒன்பது எங்கே இருக்கிறது என்று
இன்னும் தேடவில்லை.